அகலப் பள்ளம்

நான் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. பிள்ளைகளுக்கு டிஎன்ஏவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அதை ஒருமுறை நான் கெடுத்திருக்கிறேன். அதனால் தெரியும்.

டிஎன்ஏ என்பது முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு இழைகள். சுற்றுகளுக்கு நடுவே இரண்டு பள்ளங்கள் ஓடும். ஒன்று அகலம், மற்றது குறுகல். புரதங்களில் பல அந்த அகலப் பள்ளத்துக்குள் நுழைந்துதான், தாங்கள் பிடிக்க வேண்டிய இடம் எது என்று தடவிக் கண்டுபிடிக்கும்.

என் மகள் ஒன்பதாவது படித்தபோது, ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிற அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதலாவதாக வருகிற ஒரே பிள்ளையைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அதற்காகவே அவள் பிளாஸ்டிக் குழாய்மேல் இரண்டு செம்புக் கம்பிகளைச் சுற்றினாள். அகலப் பள்ளத்தில் அச்சாக உட்காரும்படி சிவப்புக் களிமண்ணில் ஒரு புரதமும் செய்தாள்.

கண்காட்சியன்று காலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். ஒரு இடைவெளி பெரிது, அடுத்தது சிறிது. எங்கள் பட்டறையில் இப்படிச் சுற்றினால் மேஸ்திரி அறுத்து மூஞ்சியில் எறிவார். பாவம், கை பழகவில்லை என்று நினைத்து, ஒரு கம்பியைத் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் சமமாக்கினேன். பசையும் வைத்து, பெட்டியில் போட்டு மூடிக் கொடுத்து, நானே ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன்.

நடுவராக வந்த பெண்மணி புரதத்தைப் பொருத்திக் காட்டச் சொன்னார். உட்காரவில்லை. மகள் அழுத்தினாள். களிமண் பிதுங்கியது.

"ரெண்டு பள்ளமும் ஒரே அளவு! இது டிஎன்ஏவா, மெத்தை ஸ்பிரிங்கா?" என்று அவர் தெலுங்கில் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் இன்ஜினியர் அப்பாக்கள். நான் பட்டறைச் சட்டையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடுவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டாள்: "நான்தான் மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டாடி?"

"நீ முன்னாடியே எனக்கு விளக்கமாச் சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். ரெண்டு தடவை. நீங்க போனைப் பார்த்துக்கிட்டே ஹவ், ஹவ், ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெரிய சயின்டிஸ்ட்டு! சுத்தத் தெரியாதவளுக்கு வாய் வேற ஒரு கேடா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"நிறுத்துங்க. நான் பஸ்ல வரேன்."

நிறுத்தினேன். பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன்.