பெட்டிக்குள் ஒளிந்திருந்த கலியாணக் கார்டு

எங்கள் குடும்பத்தில் கம்பியூட்டர் மூளை எனக்குத்தான் என்று இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சும்மாவா? ஒன்பது வயதில் ஒரு கலியாணத்தையே காப்பாற்றிக் கொடுத்தவள் நான்.

வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், டைப் செட்டிங், கலியாணக் கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே கம்பியூட்டர். ஊரிலுள்ள அத்தனை பேரும் பென் டிரைவைக் கொண்டுவந்து அதில் செருகி, ஆளுக்கொரு வைரஸைக் காணிக்கை போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் தட்டிவிட்டால், அப்பா தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அது கண் விழிக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது பேராதனைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தார். கம்பஸ் சாப்பாட்டை மனுஷன் தின்பானா என்று சொல்லிக்கொண்டு சனி ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். வந்ததும் நேரே கடைக்குத்தான். சோறு வீட்டில் அல்லவா இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கடையில் டைப் செட்டிங் செய்த அக்காவின் விரல்கள் கண்ணுக்கே தெரியாது, அப்படி ஒரு வேகம். எனக்கும் தமிழில் தட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "எழுத்து வரலியா பாப்பா? ஷிஃப்ட அமுக்கிப் பாரு, அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்" என்பார். அவருக்கு மாத்தளையில் மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டார். நிற்கும் முன் கடைசியாக அவர் தட்டியது தன்னுடைய கலியாணக் கார்டைத்தான். அச்சடிக்க வேண்டியது மட்டும் பாக்கி. பூனை குறுக்கே வந்தாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற அவருடைய அப்பா, புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு யோசனையோடு வந்தார். "இதுக்குள்ள லினக்ஸ் ஒண்ணப் போடுவோம் மச்சான். இந்த வைரஸ் எதுவும் அதுகிட்ட வராது. பழைய விண்டோஸும் அப்படியே இருக்கட்டும். தொறக்கும்போது எது வேணும்னு அதுவே கேக்கும்."

அப்பா தயங்கினார். கடையின் தமிழ் எழுத்துகள் பழையதில்தான் எழுத்தாகத் தெரியும், மற்றதில் புழுவாக நெளியும். கார்டு அடிக்கிற பிரிண்டரும் பழையதன் பேச்சைத்தான் கேட்கும். பழையது பத்திரம் என்று மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகே சம்மதித்தார்.

அன்றைக்கு நான் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது! கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழையாகக் கொட்டின. வெளியிலும் மழைதான். கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று மாமா சொல்லிவிட்டதால், நான் பல்பையே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவழியாக முடிந்து, கம்பியூட்டரை அணைத்துப் போட்டால், அம்மாடி, திரையில் இரண்டு வரிகள்! மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றது. "நீயே அமுக்கு மருமகளே" என்று மாமா விட்டுக்கொடுத்தார். மேலே, கீழே, மேலே, கீழே. "ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு கம்பியூட்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாமா என்னைப் பேக்கரியில் ரோல்ஸ் வாங்கி வர அனுப்பினார். திரும்பி வந்தபோது கம்பியூட்டர் எதையும் கேட்கவில்லை. போட்டதும் நேரே லினக்ஸுக்குள் போய் நின்றது. "பழசு போயிருச்சு மச்சான்" என்றார் மாமா. அப்பா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்குச் செய்தி போனதும் வீட்டில் பெரிய சத்தம். "அந்தப் புள்ளயோட கார்டு உள்ள கெடக்கு, இவனையா கைவைக்க விடுவீங்க?" என்றார். இவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று அப்பா கேட்டார். "ஆமா, உங்களுக்கு எதுதான் தெரியுது!" என்றுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார். மாமாவின் படிப்பை அம்மா இப்படி மட்டம் தட்டியதில் எனக்குக் கோபமான கோபம். மாமாவோ கம்பஸுக்கும் போகாமல், பழையதைத் தேடுகிறேன் என்று திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை அக்காவும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அக்கா மாமாவை மட்டும் பார்த்தார். "போயிருச்சா?" என்றார். மாமா தலையாட்டினார். அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், அதிர்ச்சியில் வாயடைத்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

கண்டிக்கே போய்ப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று அப்பா கெஞ்சினார். அக்காவின் அப்பா, அந்தப் பெரியவர், கேட்பதாக இல்லை. "கார்டு இல்லீங்க பிரச்சின. நல்ல காரியத்துக்கு அடிச்சது தொலைஞ்சா சகுனமே சரியில்ல. நாளத் தள்ளி வச்சிட்டு, இந்தச் சம்பந்தத்தையே இன்னொருக்கா யோசிக்கணும்."

ஐயோ, அக்காவின் கலியாணம் நின்றுவிடுமா! அந்த இரண்டு வரிகளையும் என் கண்ணால் பார்த்தவள் நான். பெட்டியை யாரும் கழற்றவில்லை, பின் எங்கே போகும்? உள்ளேதான் எங்கேயோ இருக்க வேண்டும். அடியில் ஒன்று ஒளிந்திருந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஓடிப்போய் கம்பியூட்டரை அணைத்துப் போட்டு ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தேன். மாமா "பாப்பா, வேணாம்" என்று எழுந்தார். அதற்குள் வந்துவிட்டது. இரண்டு வரிகள்! கீழ் வரியைத் தட்டினேன். பழைய விண்டோஸ் திறந்தது, கார்டும் திறந்தது, அக்காவின் பெயர் பூ வளையத்துக்குள் பளபளவென்று வந்து நின்றது.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். பெரியவர் "முருகா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாமாவின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. படித்தவர் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்ட வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"போயிருச்சுன்னியேடா?" என்றார் அப்பா.

"ஒளிஞ்சிருந்திருக்கு மச்சான்."

அந்த இரண்டு வரிப் பட்டியல் தானாக ஒளிந்துகொள்ளாது, யாராவது உட்கார்ந்து மறைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் நான் வளர்ந்து இதே தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்துவிட்டு, "சரி, அடிச்சுக் குடு" என்றார். மாமாதான் உட்கார்ந்து அத்தனை கார்டுகளையும் அடித்தார்.

கார்டுக் கட்டை வாங்கிக்கொண்ட அக்கா என் பக்கம் குனிந்தார். "ஷிஃப்ட அமுக்கணும்னு யாரு பாப்பா சொன்னது?"

"நீங்கதானேக்கா!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படி ஒரு கிள்ளு. அவருக்கும் கண்ணில் நீர். கலியாணப் பெண்களுக்குச் சந்தோஷம் வந்தால் கை ஒரு கட்டுக்குள் நிற்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவியபடி நானும் சிரித்தேன்.