பெண்கள் பெட்டிக்குத் துணைக்குப் போனேன்

ரயிலில் பெண்களுக்குத் துணையாகப் போகிறவளுக்குக் கூலி கொடுப்பதே, அவர்கள் பயத்தையும் சேர்த்து அவள் பயப்படட்டும் என்றுதான். மடியில் பிள்ளையும் காலடியில் மூட்டையுமாக உட்கார்ந்து, இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டதோ, தாண்டிவிட்டதோ என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எட்டி எட்டிப் பார்த்த தாய்மாருக்கெல்லாம் இது தெரியும். என் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். தனியாக மெட்ராஸ் போய் வருகிறார்கள். "இதுக்கெல்லாமா பயந்தே?" என்று என்னைக் கேலி செய்கிறார்கள். நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று நம்பி, என் முதல் கல்கத்தா பயணத்தைச் சொல்கிறேன்.

வேலை கிடைத்த விதம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த பெரிய சாயபுவுக்கு ஹலீமா என்று ஒரு மருமகள். அவள் புருஷன் கல்கத்தாவில் இருந்துகொண்டு பச்சைத் தோல் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவன். பிறந்து ஏழு மாதமான தன் மகனை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் விட பெரிய சாயபு புறப்பட்டார். ஆனால் பெண்கள் பெட்டியில் ஆண்பிள்ளை உட்கார முடியாது. அந்தக் காலத்து வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளேயே நடந்து போகவும் வழி கிடையாது. அதனால் பெட்டிக்குள் துணைக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்று தேடினார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். "நான் ரொம்பப் பயந்த சுபாவம்மா, ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சாயபுவின் சம்சாரம் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்கள்: "அப்ப நீதான் வேணும், சாராம்மா. பயம் இல்லாதவ நடுவுல எறங்கி நின்னு வேடிக்கை பாப்பா."

பெட்ஷீட்டுக்குள் நடந்தது

ஜட்கா வண்டியிலிருந்து ரயில் பெட்டி வாசல்வரை, அந்நியர் பார்வை படாதபடி, இரண்டு ஆட்கள் இருபுறமும் பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் நாங்கள் நடந்தோம். எனக்கு அது பழக்கமில்லை. காலடியில் பிளாட்பாரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காற்று துணியை முகத்தில் அடித்தது. பிள்ளை என் கையில். ஒரு கால் தவறினால் பிள்ளையோடு தண்டவாளத்தில்தான். ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே படியைக் காலால் தடவித் தடவி ஏறினேன்.

ஏறினதும் சாயபு ஜன்னலை அடைத்த மரப்பலகைக்கு வெளியே நின்று ஏற்பாட்டைச் சொன்னார். வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் அவர் வந்து கைத்தடியால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். நான் உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்ட வேண்டும். இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். மெட்ராசில் கல்கத்தா மெயிலுக்கு மாறின பிறகும் அப்படியே நடந்தது. தடிச் சத்தம் கேட்கிறவரைக்கும் ஹலீமா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கேட்டதும், "மாமா இருக்காரு" என்பாள். கூடவே, "அடுத்த ஸ்டேஷன் எப்ப?" என்பாள்.

கோதாவரிப் பாலம்

மறுநாள் காலையில் வண்டி கோதாவரி ஆற்றின்மேல் ஏறியது. எங்கள் பாலாற்றில் மணல்தான் ஜாஸ்தி, தண்ணீர் கம்மி. இங்கே பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை, கீழே ஒரே தண்ணீர். பாலத்தின் இரும்பு தடதடவென்று சத்தம் போட, பெட்டி ஆடியது. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். ஹலீமா பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவளுக்குத் தெரிந்ததை ஓதினாள். எங்களோடு வந்த தெலுங்குக்கார அம்மா ஒருத்தி, வால்டேரில் இறங்குகிறவள், ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டு உரக்கப் பாடினாள்.

அக்கரை வந்ததும் மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அந்த அம்மா தமிழும் தெலுங்குமாகச் சொன்னாள்: "மூணு சாமியும் சேந்து புடிச்சதுக்கே இப்டி ஆடிச்சே, ஒண்டிச் சாமியா இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

வால்டேருக்குப் பிறகு

மத்தியானம் வால்டேரில் வண்டி வெகு நேரம் நின்றது. தெலுங்குக்கார அம்மா இறங்கிவிட்டாள். சாயபு வந்து தட்டினார், நானும் தட்டினேன். பெட்டியில் நாங்கள் மூன்று ஜீவன்கள் மட்டும். அப்புறம் வண்டி புறப்பட்டது. வந்த பக்கமாகவே புறப்பட்டது!

மரங்கள் எல்லாம் அதுவரை ஓடினதற்கு எதிர்ப்பக்கம் ஓடின. ஹலீமாதான் முதலில் கண்டாள். "சாராம்மா, வண்டி திரும்பிப் போவுது." நானும் எட்டிப் பார்த்தேன், நிஜம்தான். எங்கள் பெட்டியை மட்டும் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிட்டார்களோ? சாயபு கல்கத்தா வண்டியில் போய்விட்டாரோ? டிக்கெட் எல்லாம் அவரிடம். "அடுத்த ஸ்டேஷன்ல தட்டுவாரு கண்ணு" என்றேன். அடுத்த ஸ்டேஷன் வந்தது. பலகையோரம் காதை வைத்துக் காத்திருந்தோம். தட்டுச் சத்தம் வரவில்லை.

ஹலீமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "எறங்கிடலாம். இங்கியே எறங்கினா வால்டேருக்குத் திரும்பிப் போயிடலாம்." வெளியே போர்டில் தெலுங்கும் இங்கிலீஷும். சுற்றிலும் பொட்டல். கைப்பிள்ளையோடு, பாஷை தெரியாத ஊரில், எங்கே போய் நிற்பது? அவள் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். "நகரு, சாராம்மா" என்றாள். நான் நகரவில்லை. விசில் ஊதி வண்டி நகர்ந்தது. அவள் அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உனக்கு இன்னா, உன் புள்ளைங்க ஊர்ல பத்திரமா இருக்குது. எம்புள்ளதானே போவுது."

சத்தம் போட்டேன்

அந்த ஸ்டேஷனுக்கும் அதற்கு அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் நான் பண்ணின ஜெபத்தை எழுத முடியாது. வார்த்தையே இல்லாத ஜெபம். அவளை இறங்கவிடாமல் நானே பாழாக்கிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். வண்டி நின்றது. அங்கேயும் தடிச் சத்தம் இல்லை. நான் கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட உரக்கப் பாடாதவள். பலகையைத் தூக்கி, தலையை வெளியே நீட்டி, அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில், "சாயபூ! சாயபூ!" என்று கத்தினேன்.

பிளாட்பாரத்தின் கோடியில், எஞ்சின் பக்கம், ஒரு கல்யாணக் கூட்டத்துப் பெண்கள் ஏறின பெட்டி. அதன் பலகையை மொத்து மொத்து என்று மொத்திக்கொண்டிருந்தார் சாயபு. உள்ளேயிருந்து தெலுங்கில் வசவு பறந்தது. என் குரல் கேட்டதும் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. முந்தின ஸ்டேஷனிலும் அங்கேதான் தட்டியிருக்கிறார். அப்போது யாரோ அந்நிய ஆள் என்று அந்தப் பெண்கள் மூச்சுக் காட்டவில்லை. மருமகளும் பேரனும் காணாமல் போய்விட்டார்கள் என்றே முடிவு பண்ணிவிட்டாராம். வால்டேரில் எஞ்சினைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டி, வந்த வழியே கொஞ்ச தூரம் போய்க் கல்கத்தா பாதைக்குத் திரும்புவது வழக்கம் என்று அப்புறம் ரயில் கார்டு சொல்லித்தான் எங்களுக்கு விளங்கிற்று. அவிழ்ந்த தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே சாயபு சொன்னார்: "என் பெட்டியிலிருந்து எஞ்சின் பக்கமா மூணாவதுன்னு கணக்கு வெச்சிருந்தேன், சாராம்மா. எஞ்சினே எடம் மாறும்னு எந்தப் பாவி கண்டான்?"

ஹவுராவில்

அதற்கப்புறம் கல்கத்தா வரைக்கும் ஹலீமா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். நான் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். பிள்ளை மட்டும் என் மடிக்கும் அவள் மடிக்கும் போய் வந்தது. கல்கத்தாவில் ஹவுரா ஸ்டேஷனில் அவள் புருஷன் ஜனத்தை இடித்துக்கொண்டு வந்து, கதவருகிலேயே மகனை வாங்கிக்கொண்டான். பிள்ளை புது முகத்தைப் பார்த்து வீறிட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "வழியில பேஜார் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான்.

ஹலீமா முகத்திரைக்குள்ளிருந்து என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் போறேன் போறேன்னு நின்னேன், இந்தம்மா கதவ விட்டு நகரல. அதான் உங்க புள்ள உங்க கையில இருக்குது."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குத் துணையாக எத்தனையோ ஊருக்குப் போய்விட்டேன். அந்த வேலைக்கு வேண்டிய தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை; ஆனால் கதவை மறைக்கிற அளவுக்கு முதுகை ஆண்டவர் அகலமாகக் கொடுத்திருந்ததால் பிழைப்பு ஓடிவிட்டது.