கட்டின மூட்டை

பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் புறப்பட, புளிசாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் வந்தது.

சின்ன வயதில் ஓர் ஆடி மாதம் அம்மாவும் இப்படித்தான் கட்டினாள். பொங்கல் பானை, மாற்றுத்துணி, புளிசாதம். நான் புதுப் பாவாடையில் வாசலில் நின்றேன். அப்பா வேலை செய்த இரும்புக் கம்பெனியின் கான்ட்ராக்டர் பைக்கில் வந்தான்.

"இன்னா நைனா, மாப்ள கணக்கா சோக்கா கீற? ஆளு வரல, ஃபர்னஸ் நிக்குது. வா."

அப்பா "சரி சார்" என்றார். அம்மா மூட்டையை அவிழ்த்து, அதே புளிசாதத்தை அவருடைய டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள். பிறகு நாங்கள் போகவே இல்லை.

இப்போது என் வீட்டுக்காரரின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். சின்னவள் ஒரு கால் செருப்போடு அப்பன் முகத்தையே பார்த்தாள்.

"ஷிப்டுக்கு ஆள் இல்லியாம். இன்னா சொல்லட்டும்?" என்றார் அவர்.

"இன்னா வேணா சொல்லு. கட்டுன மூட்டைய நான் அவுக்க மாட்டேன். நீ போறதுன்னா வெறுங்கையோட போ. சோறு எங்களோட பஸ் ஏறுது."

சொல்லிக்கொண்டே சின்னவளுக்கு இன்னொரு செருப்பையும் மாட்டிவிட்டேன்.