தகவலாளி ஏழு

உலகப் பண்பாடுகளை ஆராய்வதற்கென்றே இருந்தது எங்கள் பல்கலைக்கழகம். பக்கத்து அறைக்காரர் ஜப்பான் தேநீர்ச் சடங்கைப் புத்தகத்திலேயே படித்து ஆய்வை முடித்தார். நான் பட்டாபிராமில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதை எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?" என்று துறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! எனக்கு ரோஷம் ஜாஸ்தி. கொரட்டூரில் ரயிலேறிப் போய், மூன்று வருடமும் ஆடிக்குப் பட்டாபிராமிலேயே கிடந்தேன்.

எனக்கு எல்லாம் சொன்னவர், அந்தத் தெருவில் கூழ் ஊற்றும் ஓர் அக்கா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. கேழ்வரகு மாவு எவ்வளவு புளிக்க வேண்டும், முதல் சொம்பு யாருக்கு, எல்லாம் அவர் வாய்ச்சொல். ஆய்வு வழக்கப்படி பேரை மறைத்து, 'தகவலாளி ஏழு' என்று ஆய்வேட்டில் போட்டேன். அதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம். அக்காவையும் அழைத்திருந்தேன், பெருமையடித்துக்கொள்ளத்தான், மறைப்பானேன்? 'தகவலாளி ஏழு சொன்னார்' என்று பத்துத் தடவையாவது சொல்லி நான் பேசி முடித்ததும் வெளித்தேர்வாளர், "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். சும்மா கேட்பதுதான், யாரும் எழுந்திருப்பதில்லை. அக்கா எழுந்தார்.

"மூணு வர்சம் என் ஊட்ல குந்திகினு எழுதுச்சி சார் இந்தப் பொண்ணு. இப்ப இன்னாடான்னா ஏயாம் நம்பருன்னுது. அது நாந்தானே? எனக்குப் பேரு இல்லியா?"

என் வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். விதியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தப்பை ஒப்புக்கொண்டால் ஏட்டையே திருப்பி அனுப்பிவிடலாம், பட்டமும் போய்விடலாம். ஆனால் அக்கா முகத்தைப் பார்த்த பிறகு தப்பிக்க மனம் வரவில்லை.

"தப்பு என்னுடையதுதான், ஐயா. பேரை மறைக்கட்டுமா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "உங்க பேர் சொல்லுங்கம்மா."

அக்கா சபைக்கே கேட்கும்படி சொன்னார். (இங்கே எழுத அனுமதி வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை.) தேர்வாளர் தன் பிரதியில் 'தகவலாளி ஏழு' என்பதை அடித்துவிட்டு அந்தப் பேரை எழுதினார். "எல்லா இடத்திலும் இப்படித் திருத்திக் கொண்டு வாருங்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

திருத்திய ஏட்டை நானே பட்டாபிராமுக்கு எடுத்துப்போனேன். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உன் பேரு இதுல எத்தினி தபா கீது?"

"முதல் பக்கத்துல ஒரே தபாக்கா."

"அப்போ நாந்தான் ஜாஸ்தி," என்று சொல்லி, ஏட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குக் காட்டப் போய்விட்டார்.