சலவைக் களத்து வெயில்

தோல் வைத்தியனிடம் நோயை மறைக்க இயலாது. ஆயினும் மறைத்துக்கொண்டு வருவதே வழக்கம். வெயிலில் கறுத்துக் கண்ணாடி முன் வருந்திய அன்பர்களே, நீங்களும் என் நோயாளிகளின் இனத்தவரே. அறுபதுகளில் திருப்பூரில் நான் வைத்தியம் பார்த்த காலத்து நினைவுகள் இவை.

கழற்றாத பனியன்

பழனியப்பன் சலவைப் பட்டறையில் வெளுத்த துணியைக் களத்தில் விரித்துக் காயவைப்பவர். சட்டையைக் கழற்றியபோது சிரித்துவிட்டேன். பனியன் மூடிய இடம் மாநிறம், மற்றவை கரிய நிறம். பனியனைக் கழற்றியும் பனியன் அணிந்தே நின்றார்.

வந்த காரணம் நெற்றியில் இருந்தது. பக்தி என்று நான் வியந்த திருநீற்றைத் துடைத்தார். அடியில் ஒரு வெண்திட்டு. தொழுநோய் என்று பேர் வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சி, சாயப்பட்டறை நண்பரிடம் தம் நிறத்துக்கு ஒத்த சாயம் கலக்கி வாங்கிப் பூசியிருக்கிறார். அது பலிக்காததால்தான் திருநீறு. "ஷேடு அச்சு அசலா ஒத்துப்போச்சுங்க டாக்டருங்க. வேர்த்தாத்தான் புருவத்துல எறங்கிருது."

பஞ்சு தொட்ட இடம்

அஞ்சியது நடந்தது. வேர்வையில் நீறு கரைந்து திட்டு வெளிப்பட, தொழுநோய் என்றே பேர் வந்தது. களத்தில் அவருக்குத் தனிக் குவளை வைத்தார்கள். வேலையை விட்டு நிறுத்துமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பட்டறை முதலாளியே அவரை மீண்டும் என்னிடம் அழைத்து வந்தார்.

முதலாளி காணப் பழனியப்பனைக் கண்மூடச் சொல்லிப் பஞ்சுத் துணுக்கால் திட்டைத் தொட்டேன். தொட்டபோதெல்லாம் சொன்னார்; தொடாமல் ஏமாற்றியபோது பேசாதிருந்தார். தொழுநோய்த் திட்டில் உணர்வு மங்கும். இங்கே மங்கவில்லை, நரம்புகளும் தடிக்கவில்லை. நிறமி ஆக்கும் செல்கள் மட்டுமே அவ்விடத்தில் அழிந்திருந்தன. இது வெறும் வெண்புள்ளி, எவருக்கும் தொற்றாது என்றேன். முதலாளி தம் நெற்றியையும் நீட்டிச் சோதித்துக்கொண்ட பிறகே பழனியப்பனிடம் திரும்பினார். "காலைல வெள்ளென வந்துருப்பா. எல்லாரு குடிக்கற கொடத்துலயே நீயும் குடி."

குடை

மருந்தெண்ணெய் பூசி, இளவெயிலில் சிறிது நேரம் நிற்கச் சொன்னேன். சில மாதங்களில் திட்டினுள் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவு கரும்புள்ளிகள் முளைத்தன. மயிர்க்கால்களில் ஒடுங்கியிருந்த செல்கள் எழுந்து வந்திருந்தன. கார்மேனிப் பெருமானைப் பாடிப் பழகிய நெஞ்சு எனக்கு; அந்தக் கருமையைக் கண்டதும் கைகூப்பினேன்.

அன்று அவர் ஓர் ஐயம் கேட்டார்: துணியை வெளுக்கும் அதே வெயில் தம்மை மட்டும் ஏன் கறுக்க வைக்கிறது? துணிக்கு உயிரில்லை, வெயில் அதன் நிறத்தைச் சிதைக்கிறது என்றேன். உயிருள்ள தோலோ வெயில் பட்டதும் மெலனின் என்னும் கருநிறமியை மிகுதியாக ஆக்கி, அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றின் உட்கருவின்மேலும் குடையாகக் கவிக்கிறது. கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் அதை ஆக்கும் செல்கள் ஏறத்தாழ ஒரே தொகைதான். ஆக்கும் அளவே வேறு.

தம் கரிய கைகளை நீட்டிப் புரட்டிப் பார்த்தார். "தேர் வாரப்ப சாமிக்குக் கொடை புடிக்கறாப்பல எனக்கும் புடிச்சிட்டிருந்திருக்குதுங்க. அது தெரியாம இத்தனை காலம் வெயில வஞ்சுக்கிட்டு இருந்தனுங்க."

திட்டின் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் கடைசிவரை கறுக்கவே இல்லை; ஆனால் அதன்மேல் அவர் பூசிய நீறு இப்போது மறைப்பதற்கன்று, நன்றி சொல்வதற்கு என்பதால், என் வைத்தியத்தின் குறையும் இறைவன் கணக்கிலேயே வரவாயிற்று.