எனக்கு டில்லியில் வீடு இல்லை

மகளுக்கு டில்லியில் கல்லூரி இடம் கிடைத்தபோது ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அப்பா அங்கேயே இருக்கிறார், பிள்ளைக்கு என்ன பயம் என்று. அப்பாவுக்கு என்ன பயம் என்று யாரும் கேட்கவில்லை.

டில்லி சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் சமையல்கட்டில் வெகுநாளாக வேலை செய்கிறேன். மனைவியும் மகளும் சங்கரன்கோவில் பக்கம் ஊரில் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை லீவில் போவேன். மகள் கூச்சம் விட்டு என்னோடு பேச ஆரம்பிக்கும் நேரத்தில் எனக்கு ரயில் வந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஹிந்தி தெரியாமல் இல்லை. காய்கறிக்காரனிடம் சண்டையே போடுவேன். ஆனால் அதிகாரிகளிடம் எனக்கு வருவது ஒரே பதில்தான்: ஹாஞ்ஜி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும்.

மகளும் நானும் ஸ்டேஷனிலிருந்து நேரே கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு ஆட்டோவில் போனோம். அவள் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. தைரியமாக ஏதாவது சொல்ல நினைத்தேன். தண்ணீர் குடிக்கிறாயா என்றுதான் வாயில் வந்தது.

"எத்தன தடவப்பா கேப்பீங்க? வயித்துல இடமில்ல" என்றாள்.

வார்டன் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்பாவா என்று ஹிந்தியில் கேட்டார். ஹாஞ்ஜி. விதிமுறைகள் தெரியுமா? ஹாஞ்ஜி. டில்லியில்தான் இருக்கிறீர்களா? ஹாஞ்ஜி. உங்களோடு தங்க வீடு இருக்கிறதா? அதற்கும் ஹாஞ்ஜி என்றேன். கேள்வி புரியாமல் இல்லை. தலை தானாக ஆடிவிட்டது.

அவர் பேனாவை மூடி வைத்தார். வீடு இருக்கிற பிள்ளைக்கு இங்கே இடம் தர முடியாது, காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

"என்னப்பா சொல்லுதாங்க?" மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இந்த இடம் போனால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெளியே அறை எடுத்துக் கொடுக்க என்னால் ஆகாது. எழுந்து போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. அதுவரை எந்த அதிகாரியிடமும் நான் சொன்னதை நானே மாற்றிச் சொன்னதில்லை.

"மேடம், கர் நஹீ ஹை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். வீடு இல்லை, ஒரு கட்டில்தான் இருக்கிறது. கட்டிலின் அகலத்தைக் கையால் காட்டினேன். அந்த அறையில் ஆறு ஆண்கள் என்று விரலை நீட்டினேன்.

முதலில் ஏன் இருக்கிறது என்றீர்கள் என்று கேட்டார். "டர் மேடம்", பயம் மேடம், என்பதைத் தவிர எனக்கு வேறு ஹிந்தி வரவில்லை. வீடு இல்லை என்று வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் வாங்கி வரவேண்டும் என்று சொல்லி, பேனாவைத் திறந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். ஒரு ஆயா முன்னால் நடந்து, ஆம்பளை வருகிறார், ஆம்பளை வருகிறார் என்று ஹிந்தியில் சத்தம் போட்டாள். இரண்டு பக்கமும் கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன. என்னைப் பார்த்து ஒருவர் பயந்து கதவைச் சாத்துவதை அன்றுதான் கண்டேன். தரையைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அறையில் மூன்று கட்டில்கள். மற்ற இரண்டிலும் யாருடைய துணிகளோ கிடந்தன. மகள் உட்காரவே இல்லை, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உங்க ரூம்ல ஆறு பேராப்பா?"

"உனக்கு ஹிந்தி தெரியுமா?"

"விரல நீட்டுனீங்கல்லா."

அவள் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டு, "மொத நாளு எப்பிடித் தூங்குனீங்க?" என்று கேட்டாள்.

வேறு அப்பாவாக இருந்தால் தைரியம் சொல்லியிருப்பார். எனக்கு உண்மைதான் வந்தது.

"தூங்கலம்மா."

"மறுநாளு?"

"அன்னைக்கும் இல்ல. அதுக்கப்புறம் எப்பம் தூங்கினேன்னு தெரியல."

அவள் உதடு லேசாகக் கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். "அப்பம் சரி. நானும் முழிச்சே கெடக்கேன்" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போர்வைக் கட்டை அவிழ்த்தாள். வாசலில் நின்ற ஆயா, நேரமாகிவிட்டது, வெளியே வாருங்கள் என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மகள் கூப்பிட்டு அழுதால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூப்பிடாவிட்டால் அதைவிடப் பயம். என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.