யார் பங்கிலும் சேராத பள்ளம்

மீன் கிடைத்தது. இரண்டு கெண்டை, ஒரு கெளுத்தி. நானாகப் பிடித்தது அவ்வளவுதான். விரால் என்னவாயிற்று என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். போக நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

பி.யூ.சி.யைப் பாதியில் விட்டதிலிருந்து, வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் காரைக்குடியைச் சுற்றி எங்கே என்ன நடந்தாலும் கிளம்பிவிடுகிறேன். இந்த முறை கண்மாய் அழிப்பு. தெரியாதவர்களுக்கு: வைகாசியில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், நாள் குறித்து ஊரே மொத்தமாக இறங்கி மீன் பிடிக்கும். அதுதான் அழிப்பு. நான் போனது நேற்று, புதன்கிழமை.

காரைக்குடியிலிருந்து காலை ஐந்தேகாலுக்குத் திருப்பத்தூர் பஸ். அறுபத்தைந்து பைசா. மானகிரியில் ஒரு கூட்டம் ஊத்தாவோடு ஏறியது. ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை, அடிவாய் அகலம், மேல்வாய் குறுகல். கலங்கல் தண்ணீரில் அமுக்கி, மேலே கையை விட்டுத் துழாவ வேண்டும். அதை பஸ்ஸுக்குள் கொண்டுவந்தால் உட்கார்ந்திருப்பவன் மூக்குக்கு உத்தரவாதம் இல்லை. கண்டக்டர் ஊத்தாவுக்கும் டிக்கெட் போடப் பார்த்தார்.

"இப்ப வெறுங்கூடை. திரும்பி வாரப்ப மீனுக்குப் போடுங்கண்ணே," என்றான் ஒருத்தன்.

"திரும்பி வாரப்ப என் வண்டியில ஏத்துனாத்தான?" என்றார் கண்டக்டர்.

திருப்பத்தூரில் வாடகை சைக்கிள் நாளுக்கு ஒரு ரூபாய். முகத்தைப் பார்த்து நம்பினால் ஈடு கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அதனால் இதற்கு மேல் மணி சொல்ல என்னிடம் வழி இல்லை. இளையாத்தங்குடிப் பாதையில் ஏழு மைல், பிறகு மண் பாதையில் ஒன்றரை மைல். மண் பாதையில் பாதி தூரம் சைக்கிள் நம்மை ஓட்டும்.

கண்மாய் நான் நினைத்ததைவிடச் சின்னது. சின்னதாகிவிட்டது என்பதுதான் சரி. மேற்கே, தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயை உழுது எள் விதைத்திருக்கிறார்கள். வடக்குக் கரையோரம் புதுக் குடிசைகள், சிலவற்றில் கூரை ஓலை இன்னும் பச்சை. கரைமேல் கருவேல மரங்கள் நின்ற இடத்தில் வெறும் அடிமுண்டுகள். நீர்ப்பிடிப்பின் விளிம்பிலேயே காதர் பாய் டீக்கடை. டீ பதினைந்து பைசா, இட்லி பத்து. சட்னி வேண்டாம்.

"அந்த மரத்துலதான் நாரை அடையும். எல்லாம் சூளைக்குப் போயிருச்சு," என்றார் பாய். "ஆளு பெருகுனா வீடு வேணும். வீட்டுக்குச் செங்கல் வேணும். நாரைய யாரு கேட்டா?"

"உங்க கடையும் கண்மாய்க்குள்ளதான பாய் இருக்கு?"

"இருக்கு. வீட்ல அஞ்சு புள்ளைக. கடைய வானத்துலயா போட?"

கணக்கை அவர்தான் சொன்னார். கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஊர்வரி உண்டு. வரி கட்டினால் மீன் அழிப்பில் ஒரு ஊத்தா, குடிதண்ணீர்க் குளமான ஊருணியில் முறைத் தண்ணீர். ஒரு வீட்டில் நாலு மகன்கள் இருந்தால் நாளைக்கு நாலு தலைக்கட்டு.

"எங்க அத்தா காலத்துல அறுபது ஊத்தா. இப்ப எண்ணி முடிக்கவே வெயில் ஏறிருது," என்றார். "கண்மா மட்டும் அதே கண்மா. அதுவும் இல்ல, பாதிக் கண்மா."

மடைக்கு எதிரே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. கசம் என்கிறார்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் கசத்தில் தண்ணீர் நிற்கும். பெரிய விராலும் ஆமையும் அதில்தான் ஒதுங்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பும்போது அங்கிருந்துதான் மீன் பரவும். விதை மீன். அதில் மட்டும் யாரும் ஊத்தா போடுவதில்லை. சாமி குற்றமெல்லாம் கிடையாது. அது யார் பங்கிலும் சேரவில்லை, அதனால் யாரும் தொடவில்லை. நான் பார்க்கும்போது அதன் ஓரத்தில் நீர்க்காகங்களும் கொக்குகளும் நெருக்கியடித்து நின்றன.

கரைமேல் ஊர்த் தலைவர் நின்று தலைக்கட்டுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்பலம் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரோரம் போய் நின்றார்கள். கடைசியில் புது ஊத்தாவோடு ஒருவர் மட்டும் கரையிலேயே மிஞ்சினார்.

"அது சூசை," என்றார் பாய். "ரங்கூன்ல அரிசி மில்லுல இருந்தாரு. பர்மாவுல விரட்டிவிட்டு, கப்பல்ல வந்து, ரெண்டு வருசமா அந்தக் குடிசையில இருக்காரு. அப்பன் இந்த ஊருதான். ஆனா தலைக்கட்டு குடுக்கல. அவுக வீட்டம்மா ஊருணிக்குப் போனா, எல்லாரும் மோந்து முடிச்ச பெறகு சேறுதான் கெடைக்கும்."

"எல்லாரையும் எண்ணியாச்சா?" என்றார் அம்பலம்.

"என்னைய எண்ணலையே," என்றார் சூசை.

"சூசை, ஒனக்கு இல்லேன்னு சொல்லல. ஒன்னைய எண்ணுனா ஒம் பின்னாடி இன்னும் எட்டு பர்மா அடுப்பு நிக்கிது."

"எங்க அப்பன் இந்தத் தண்ணியக் குடிச்சவருதான?"

"குடிச்சுப்புட்டுக் கப்பலேறிட்டாருல்ல!" என்று தண்ணீரோரத்தில் இருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

சூசையின் மனைவி பிலோமினா கரையில் நின்றிருந்தார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். "கப்பலேறிப் போயி அவுக அனுப்புன காசுலதான் ஒங்க கோயில்ல மணி தொங்குது. அதைக் கழட்டிக் குடுங்க. நாங்க போயிர்றோம்."

கருப்பையா என்ற இளவட்டம்தான் வாயைத் திறந்தான். "அக்கா, மணிய எடுத்துட்டுப் போங்க. நான் தையிலதான் தாலி கட்டுனேன். எனக்கு இது மொத ஊத்தா. இன்னும் ஒம்பது பேரு எறங்குனா எனக்கு நத்தைதான் மிஞ்சும்."

அவன் சொன்னதிலும் தப்பு இல்லை. அம்பலம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கண்மாயை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை மடைப்பக்கம் நின்றது.

"யாரு பங்கையும் கொறைக்க வேணாம்," என்றார். "கசம் சும்மாதான கெடக்கு. பர்மாக்காரவுக அதைப் பிடிச்சுக்கட்டும். வரியையும் கட்டட்டும். ஊருணித் தண்ணியும் முறையா எடுக்கட்டும்."

அவ்வளவுதான். ஊரே 'சரி' என்றது. கருப்பையாதான் முதலில் சொன்னான். எந்தக் கூட்டமும் இத்தனை சந்தோஷமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

பாய் மட்டும் கடையிலிருந்து கத்தினார். "அம்பலம், அது வெதையில்லையா?"

"ரெண்டு தங்காமயா போயிரும் பாய்? டீயப் பாருங்க!"

நான் வெளியூர்க்காரன். அதோடு, விராலுக்காகப் பேசப்போய் பிலோமினாவிடம் மாட்டிக்கொள்ளும் தைரியமும் இல்லை.

அம்பலம் வெள்ளைத் துண்டை வீசினார். எல்லாரும் பாய்ந்தார்கள். சேறு, கூச்சல், கூடைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். ஊர்க்காரர்கள் ஏறியதும் வெளியூர்க்காரர்களை விட்டார்கள். ஆளுக்கு ஒரு ரூபாய், ஊத்தா வாடகை தனியாக எட்டணா. என் மூன்று மீன் அப்போது வந்ததுதான்.

கசத்தில் கழுத்தளவுத் தண்ணீர். அங்கே ஊத்தா உதவவில்லை. குடிசைகளிலிருந்து மற்ற எட்டுப் பேரும் வந்து சேர, ஒன்பது பேருமாக வாளிகளால் இறைத்து, இடுப்பளவு ஆனதும் இறங்கினார்கள். முழங்கை நீளத்துக்கு விரால்கள். கரையில் போட்டால் குச்சியை முறித்ததுபோல் சத்தம் கேட்டது. ஆமைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தார்கள்.

"சின்னதையெல்லாம் விடுங்கப்பா," என்றார் ஒருவர்.

"மொதல்ல நீங்க விடுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இரண்டு பேருமே விடவில்லை. நீர்க்காகங்கள் மேலே வட்டமடித்துவிட்டுக் கிழக்கே போயின. கொக்குகள் கொஞ்ச நேரம் கரையில் நின்றன. பிறகு அவையும் இல்லை.

மத்தியானம் அம்பலம் சூசையிடம் ஐந்து ரூபாய் வரி வாங்கிக்கொண்டு, "சூசை, ஒரு தலைக்கட்டு!" என்று உரக்கச் சொன்னார். பிலோமினா உடனே குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குக் கிளம்பினார். வீட்டில் தண்ணீர் இருந்தது. சூசையே சொன்னார். "இருக்கட்டும் தம்பி. இன்னிக்கு மொத ஆளா மோந்துட்டு வரட்டும்."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். விரால் குழம்பு பிரமாதம். அதை மறைக்கப் போவதில்லை. நான் பயந்து பயந்து தின்றதைப் பார்த்து, "காலேசு படிச்சவுகளாம். முள்ளு இல்லாத மீனுல முள்ளுத் தேடுறாக," என்றார் பிலோமினா.

போகிறவர்களுக்கு: பேண்ட் போடாதீர்கள், அட்டை உள்ளே ஏறினால் தெரியாது. தொப்பி வேண்டும். கரையில் நிழல் தர இப்போது மரம் இல்லை. கெளுத்தியை வாலைப் பிடித்துத் தூக்குங்கள், முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். மொத்தச் செலவு எனக்கு ஐந்து ரூபாய்க்குள். அடுத்த வைகாசியில் மீன் இருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பேராசைக்காரனையாவது கண்டுபிடித்துத் திட்டலாம் என்று யோசித்தேன். ஒருத்தனும் சிக்கவில்லை. எல்லாருக்கும் பங்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. அடுத்த வருஷம் புதுத் தலைக்கட்டு வந்தால் கொடுப்பதற்கு அங்கே இன்னொரு கசம் இல்லை, அவ்வளவுதான்.

நேற்றுச் சாப்பிட்டுக் கை கழுவியதும் சூசை ஒரு கவரையும் காகிதத்தையும் எடுத்து வந்தார். "தம்பிக ரெண்டு பேரு இன்னும் அகதிக் கேம்ப்ல இருக்கானுக, பொண்டாட்டி புள்ளைகளோட. எழுதுங்க. ஊரு நம்மளச் சேத்துக்கிருச்சு, கெளம்பி வாங்கடான்னு."

எழுதினேன்.

"கண்மாயில மீனு நெறையன்னும் எழுதுங்க."

பேனா நின்றது.

"ஏன், தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லண்ணே," என்றேன். எழுதினேன்.

அந்தக் கவர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைய தபாலில் சேர்த்துவிடச் சொன்னார். தபால் கட்டும் நேரம் ஆகிவிட்டது. நான் போக வேண்டும்.